இரண்டு வருடம் கழித்துப் பல்கலைக்கழகம் மாறினேன்: வரலாறு படிப்பவர்களுக்குச் சொல்ல நினைப்பவை

கிரெடிட் கணக்குப் பார்க்கும் அலுவலர் என் மதிப்பெண் பட்டியலை மேசையில் விரித்து, ஒவ்வொரு வரியாகப் பென்சிலால் தொட்டுக்கொண்டே வந்தார். சில வரிகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு டிக். சில வரிகளில் பென்சில் அப்படியே நின்றது. "நவீன உலகம்: ஓர் அறிமுகம்" என்ற பாடத்தில் நின்றபோது நிமிர்ந்து கேட்டார்: "இதுல என்ன படிச்சீங்க?"

பதில் சொல்லத் தொடங்கினேன். தொழிற்புரட்சி, காலனியம், இரண்டு உலகப் போர்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது சரிதான். ஆனா எனக்கு அது காகிதத்துல வேணும். அந்த வருஷத்து சிலபஸ் இருக்கா?" என்றார்.

என்னிடம் இல்லை. செமஸ்டர் முடிந்ததும் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டிருந்தேன். சான்று இல்லாமல் எதையும் சொல்லக் கூடாது என்று இரண்டு வருடம் படித்த எனக்கு, என் படிப்புக்கே சான்று இல்லை என்பது அந்த மேசைக்கு முன்னால்தான் உறைத்தது. அந்தப் பாடம் மட்டும் அல்ல, இன்னும் இரண்டு பாடங்கள் அன்றைக்கு அந்தரத்தில் நின்றன.

ஒரு சிறிய கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறைக்கு மாறியவர்களில் நானும் ஒருவர். இப்படி மாற நினைப்பவர்களுக்குப் பொதுவான ஆலோசனைகள் நிறையக் கிடைக்கின்றன. வரலாறு படிப்பவர்களுக்கென்று சில தனிச் சிக்கல்கள் உண்டு. அவற்றை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கிரெடிட், அதாவது முடித்த பாடத்துக்குக் கணக்கில் ஏறும் புள்ளி. ஒவ்வொரு நாட்டிலும் கணக்கு வேறு. ஐரோப்பாவில் ஒரு முழு ஆண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் வகுப்பு, வாசிப்பு, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அமெரிக்காவில் பெரும்பாலும் 120 கிரெடிட் சேர்ந்தால் இளங்கலைப் பட்டம், அதனால் இரண்டு வருடக் கல்லூரியிலிருந்து வருகிறவர்கள் ஏறக்குறைய 60 கிரெடிட்டோடு வருகிறார்கள். இந்தியாவில் மாணவரின் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடிட் வங்கி என்ற ஏற்பாட்டுக்கு 2021-இல் விதிமுறை வந்தது. எண்களை இங்கிருந்து அங்கே கொண்டுபோவது இப்போது ஓரளவு சுலபம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. "உங்கள் பாடம் ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று கடிதம் வந்தால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, மொத்தக் கணக்கில் அது ஒரு விருப்பப் பாடமாகச் சேரும். மற்றொன்று, வரலாற்றுப் பட்டத்துக்குக் கட்டாயமான பாடங்களில் ஒன்றுக்கு ஈடாக அது நிற்கும். இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு முழு வருடமே போய்விடலாம்.

நான் படித்திருந்த ஆறு வரலாற்றுப் பாடங்களும் "ஏற்றுக்கொள்ளப்பட்டன". அவற்றில் மூன்றுதான் துறையின் கணக்கில் ஏறின. மற்ற மூன்றும் விருப்பப் பாடங்கள் என்ற பெட்டியில் போய் விழுந்தன. கடிதம் வந்த அன்று சந்தோஷப்பட்டேன்; வித்தியாசம் புரிய இரண்டு வாரம் ஆனது.

அப்புறம் பழைய கல்லூரிக்கு எழுதினேன். பாடத்திட்டம் மாறிவிட்டது, பழைய பிரதி இல்லை என்று பதில் வந்தது. கடைசியில் என்னோடு படித்த ஒரு தோழிதான் காப்பாற்றினாள். வகுப்பில் தருகிற ஒவ்வொரு தாளையும் போனில் படம் எடுத்து வைக்கிற பழக்கம் அவளுக்கு. வாரவாரியாக என்ன படித்தோம், எந்தெந்த நூலின் எந்த அத்தியாயங்கள், எத்தனை கட்டுரை எழுதினோம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மதிப்பெண் என்று எல்லாம் அதில் இருந்தது. அதை அச்சிட்டு, நான் எழுதிய இரண்டு கட்டுரைகளையும் இணைத்து, மறுபரிசீலனைக்குக் கொடுத்தேன். இரண்டு பாடங்கள் துறைக் கணக்குக்கு வந்தன. மூன்றாவது வரவில்லை. அதற்குக் காரணமும் நியாயமானதே: அந்தப் பாடத்தில் நாங்கள் ஒரு மூலச் சான்றைக்கூட, அதாவது அந்தந்தக் காலத்தவரே விட்டுச்சென்ற ஓர் ஆவணத்தைக்கூடப் படிக்கவில்லை.

ஆக, மாறுகிற எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சிலபஸ், வாசிப்புப் பட்டியல், திருத்தித் தந்த கட்டுரைகள் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பாடத்தின் பெயரை நம்பாதீர்கள். "உலக வரலாறு 2" என்ற பெயர் ஓர் இடத்தில் 1500-க்குப் பிறகு என்று பொருள்படும், வேறு இடத்தில் 1789-க்குப் பிறகு என்று.

கிரெடிட்டைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பல வரலாற்றுத் துறைகளில் ஆய்வுமுறை என்று ஒரு வகுப்பு உண்டு. பெயர் இடத்துக்கு இடம் மாறும், வேலை ஒன்றுதான். சான்றுகளைத் தேடுவது, எடைபோடுவது, முன்பு எழுதியவர்களோடு வாதாடுவது, அடிக்குறிப்பு போடுவது. பொதுவாக இதை முடித்தால்தான் மேல்நிலை செமினாரில் (சிறு குழுவாக உட்கார்ந்து விவாதிக்கும் வகுப்பு) சேர விடுவார்கள், செமினார் முடித்தால்தான் ஆய்வேடு. முதலாண்டிலிருந்தே அங்கே படிப்பவர்கள் இதை இரண்டாம் ஆண்டில் முடித்திருப்பார்கள். மாறி வருகிறவர் மூன்றாம் ஆண்டில் தொடங்க வேண்டும். அந்த வகுப்பு வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கிறது, நீங்கள் பதிவு செய்யப் போகும்போது இடம் நிரம்பிவிட்டது என்றால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். கூட வந்த ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. எனக்கு நடக்காததற்குக் காரணம் திறமை அல்ல. யாரோ ஒருவர் தன் பெயரை விலக்கிக்கொண்டார், காத்திருப்போர் பட்டியலில் முதலில் நான் இருந்தேன். அதனால் அனுமதிக் கடிதம் வந்த அன்றே துறை அலுவலகத்துக்கு எழுதி, அந்த வகுப்பு எந்த செமஸ்டரில், மாறி வருகிறவர்களுக்கு இடம் ஒதுக்குகிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

மொழியும் அப்படித்தான். சில துறைகள் நீங்கள் ஆராயப்போகும் பகுதியின் மொழி ஒன்றை வாசிக்கும் அளவுக்குக் கற்றிருக்க வேண்டும் என்று கேட்கும். ஒரு மொழியை இரண்டு மாதத்தில் முடிக்க முடியாது. மாறுவதற்கு முன்னாலேயே அடிப்படையைத் தொடங்கிவிடுவது நல்லது. உதவித்தொகையில் ஒரே ஒரு எச்சரிக்கை: சில உதவித்தொகைகள் முதலாண்டில் சேர்பவர்களுக்கு மட்டும். அறிவிப்பில் தெளிவாக இல்லையென்றால் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

விண்ணப்பத்தில் எழுதும் கடிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் முதல் வரைவு, "சிறு வயதிலிருந்தே எனக்கு வரலாறு மிகவும் பிடிக்கும்" என்று ஆரம்பித்தது. அதைப் படித்த என் பழைய கல்லூரி ஆசிரியர் ஒன்றும் திருத்தவில்லை. "சரி, எந்தக் கேள்வி உன்னைத் தூங்கவிடாமப் பண்ணுது?" என்று மட்டும் கேட்டார். மூன்று நாள் யோசித்தேன். ஒரே நிகழ்ச்சியைப் பற்றி இரண்டு பேர் எழுதிய குறிப்புகள் ஒன்றுக்கொன்று முரண்படும்போது இருவருமே பொய் சொல்லாமல் இருக்க முடியுமா என்பதுதான் அது. கடிதத்தை அந்தக் கேள்வியிலிருந்து எழுதினேன். எந்தப் பாடத்தில் அது எழுந்தது, அதைத் தொடர்ந்து படிக்க அப்போதைய கல்லூரியில் ஏன் வழியில்லை, அந்தத் துறையில் யாருடைய ஆராய்ச்சி இதற்குப் பக்கத்தில் வருகிறது. பழைய இடத்தைக் குறை சொல்லும் ஒரு வரியும் அதில் இல்லை. பரிந்துரைக் கடிதம் கேட்கும்போதும் அவரிடம் என் சிறந்த கட்டுரை ஒன்றையும் இந்தக் கடிதத்தையும் கையில் கொடுத்தேன். கடைசி நாளுக்கு ஆறு வாரம் முன்னால். பரிந்துரைப்பவருக்கு நம்மைப் பற்றிச் சொல்ல நல்ல மனம் இருந்தால் போதாது, சொல்வதற்கு விஷயமும் வேண்டும்.

இனி வகுப்புக்குள் வருகிறேன். உண்மையில் கஷ்டம் அங்கேதான்.

முதல் செமினார். பன்னிரண்டு பேர், ஒரு நீள மேசை. தலைப்பு 1914-இல் தொடங்கிய முதல் உலகப் போரின் காரணங்கள். எனக்குள் ஒரு நிம்மதி, ஏனென்றால் இது எனக்கு மனப்பாடம். கூட்டணிகள், ஆயுதப் போட்டி, தேசியவாதம், ஏகாதிபத்தியம், ஜூன் 28 அன்று சரயேவோவில் நடந்த ஆஸ்திரிய இளவரசரின் கொலை. பேராசிரியர் கேட்டதும் வரிசையாகச் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, "நல்லது. இதை யார் சொன்னது? எப்ப சொன்னது?" என்றார்.

கேள்வியே எனக்குப் புரியவில்லை. பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். எதிரே இருந்த ஒரு மாணவி பேச ஆரம்பித்தாள். 1919-இல் போருக்குப் பின் ஜெர்மனியோடு செய்த வெர்சாய் ஒப்பந்தத்தின் 231-ஆவது பிரிவு ஜெர்மனியையும் அதன் கூட்டாளிகளையும் பொறுப்பாக்கியது, அது தோற்றவர்கள்மீது வென்றவர்கள் எழுதியது. பிறகு பொறுப்பை எல்லா நாடுகளுக்கும் பங்கிடும் போக்கு வந்தது. 1961-இல் ஃபிரிட்ஸ் ஃபிஷர் என்ற ஜெர்மானிய வரலாற்றாசிரியரே ஜெர்மனியின் போர் நோக்கங்களை ஆவணங்களிலிருந்து எடுத்துக் காட்டியபோது அந்த நாட்டுக்குள்ளேயே பெரிய சண்டை மூண்டது. 2012-இல் கிறிஸ்டோஃபர் கிளார்க் என்ற வரலாற்றாசிரியர் ஒரே குற்றவாளியைத் தேடும் வழியையே கேள்விக்கு உட்படுத்தினார் என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். நான் ஐந்து காரணங்களைப் படித்திருந்தேன். அவள் நூறு வருட விவாதத்தைப் படித்திருந்தாள்.

வரலாற்று வரைவியல் என்று இதற்குப் பெயர். நடந்ததைப் படிப்பது ஒன்று. அதை யார், எந்தக் காலத்தில், எந்தச் சான்றை வைத்து, யாரை மறுத்து எழுதினார்கள் என்று படிப்பது மற்றொன்று. சிறிய கல்லூரிகளில் பெரும்பாலும் முதலாவது நன்றாகவே நடக்கும். இரண்டாவதற்கு நேரமோ நூலகமோ இருக்காது. மாறுவதற்கு முந்தைய விடுமுறையில் ஒரே ஒரு வேலை செய்ய முடியுமென்றால் நான் இதைச் செய்வேன்: நன்றாகத் தெரிந்த ஒரு தலைப்பை எடுத்து, அதைப் பற்றி வெவ்வேறு பத்தாண்டுகளில் வந்த மூன்று நூல்களின் முன்னுரைகளை மட்டும் படிப்பேன். யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

வாசிப்பின் அளவும் என்னைத் திணறடித்தது. வாரத்துக்கு ஒரு முழு நூல், கூடவே இரண்டு கட்டுரைகள். முதல் மூன்று வாரம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிவரியாகப் படித்தேன். வகுப்புக்குப் போகும்போது பாதிதான் முடிந்திருக்கும், அந்தப் பாதியும் குழம்பியிருக்கும். பிறகு ஒரு சீனியர் தன் முறையைக் காட்டினார். முன்னுரை, முடிவுரை இரண்டையும் நிதானமாகப் படித்து, நூலின் வாதத்தை மூன்றே வாக்கியத்தில் எழுதிக்கொள்வது. ஒவ்வோர் அத்தியாயத்தின் முதல் இரண்டு பத்தியும் கடைசிப் பத்தியும். அடிக்குறிப்புகளைப் புரட்டி, ஆசிரியர் எந்தக் காப்பகங்களில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்பது. பிறகு ஒரே ஓர் அத்தியாயத்தை முழுமையாக, ஆசிரியரைச் சந்தேகப்பட்டபடி படிப்பது. அந்த நூலுக்கு ஆய்விதழ்களில் வந்த மதிப்புரைகள் இரண்டையும் பார்த்துவிடுவார். ஜேஸ்டோர் போன்ற ஆய்விதழ்த் தளங்களில் பல்கலைக்கழகக் கணக்கோடு நுழைந்தால் அவை கிடைத்துவிடும். இது ஏமாற்று வேலை என்று முதலில் தோன்றியது. இல்லை, வரலாற்றாசிரியர்களே பெரும்பாலும் இப்படித்தான் படிக்கிறார்கள்.

முதல் கட்டுரை திரும்பி வந்ததை மறக்க முடியாது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை வைத்து எழுதியிருந்தேன். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வியாபாரத் தரகராகவும் இருந்தவர். 1736 தொடங்கி 1761 வரை தமிழில் எழுதிய குறிப்புகள். ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும் 12 தொகுதி. என் மொழியில் இப்படி ஒரு மூலச் சான்று இருக்கிறதே என்ற பெருமையோடு உட்கார்ந்து எழுதினேன். 1746-இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்ததைப் பிள்ளை எப்படிச் சொல்கிறார் என்று எட்டுப் பக்கம். நல்ல மதிப்பெண் வரும் என்று உறுதியாக இருந்தேன். மதிப்பெண் நடுத்தரம். இரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒரு கேள்வி: "இதை அவர் பார்த்தாரா, கேட்டாரா?"

பிள்ளை அப்போது புதுச்சேரியில் இருந்தார். சென்னையில் நடந்தது அவருக்குக் கடிதங்கள் வழியாகவும் ஆட்கள் வழியாகவும் வந்து சேர்ந்தது. எந்தச் செய்தி யார் மூலம் வந்தது, வந்து சேர எத்தனை நாள் ஆனது, சொன்னவருக்கு என்ன லாபம், ஆளுநரோடு பழகிய ஒரு வியாபாரி எதை எழுதுவார், எதை எழுதாமல் விடுவார் என்பதையெல்லாம் நான் கேட்கவே இல்லை. அவர் சொன்னதை என் நடையில் திரும்பச் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான். பேராசிரியரை அலுவலக நேரத்தில் போய்ப் பார்த்தேன். இருபது நிமிடம். ஒரே ஒரு நாளின் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் "பார்த்தது", "கேட்டது", "ஊகம்" என்று குறிக்கச் சொன்னார். பக்கம் முடியும்போது என் எட்டுப் பக்கத்தில் இல்லாத கட்டுரை அந்த ஓரக்குறிப்புகளில் இருந்தது. இன்றைக்கும் எந்த ஆவணத்தை எடுத்தாலும் முதலில் இதைத்தான் செய்கிறேன்.

அந்த செமஸ்டரில் என் சராசரி இறங்கியது. பழைய கல்லூரியில் முதலிடத்தில் இருந்தவருக்கு இது தாங்க முடியாத விஷயம். நான் இங்கே வந்திருக்கவே கூடாதோ என்று பல இரவு நினைத்தேன். மாறி வரும் மாணவர்களின் மதிப்பெண் முதல் பருவத்தில் இறங்குவது பரவலானது, அதற்கு 1965-லேயே ஓர் அமெரிக்க ஆய்வாளர் 'மாற்ற அதிர்ச்சி' என்று பெயர் வைத்துவிட்டார் என்பது பின்னால்தான் தெரிந்தது. இறங்கியவர்களில் பலர் அடுத்த பருவங்களில் மீண்டு வருகிறார்கள். இதை அந்த நேரத்தில் யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அதனால் முதல் பருவத்தில் பாடங்களை அளவோடு எடுங்கள். வாசிப்பு அதிகமான வரலாற்றுப் பாடங்கள் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

அடிக்குறிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வரலாற்றுத் துறைகள் பலவற்றில் சிகாகோ முறை என்ற அடிக்குறிப்பு முறையைக் கேட்பார்கள். முறையைக் கற்பது ஒரு மாலை வேலை. என் பழைய குறிப்பேடுகளில் பக்க எண்ணே இல்லாததுதான் பெரிய அடி. மேற்கோள் இருக்கிறது, நூல் பெயர் இருக்கிறது, பக்கம் இல்லை. ஒரே கட்டுரைக்காகப் பதினொரு நூல்களைத் திரும்ப எடுத்துத் தேடினேன். நூல் விவரங்களையும் குறிப்புகளையும் சேர்த்து வைக்கும் ஸோடேரோ என்ற இலவச மென்பொருளை அன்றே நிறுவிக்கொண்டேன். அதைவிடப் பெரிய உதவி நூலகத்தில் வரலாற்றுக்கென்று இருக்கும் நூலகர். மூன்று மாதமாகத் தேடிக் கிடைக்காத ஒரு ஆவணத் தொகுப்பின் பட்டியலை அவர் கால் மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தார்.

தனிமையும் இருந்தது. மற்றவர்கள் முதலாண்டிலிருந்து சேர்ந்து படித்தவர்கள்; அவர்கள் பேச்சில் வரும் பெயர்களும் பழைய கதைகளும் எனக்குத் தெரியாது. நானாகப் போய்ப் பேசும் சுபாவமும் இல்லை. முதல் செமினாரில் அந்த விவாதத்தை அடுக்கிச் சொன்ன அதே மாணவியிடம் போய், அந்த வார நூலைச் சேர்ந்து படிக்கலாமா என்று கேட்டேன். அவளுக்குப் பழைய தமிழ்க் கையெழுத்தை வாசிக்கத் தெரியாது, எனக்கு ஓரளவு தெரியும். அவள் எனக்கு விவாதங்களைச் சொல்லிக் கொடுத்தாள், நான் அவளுக்கு எழுத்துகளை. மாறி வருகிறவர் கையில் எதுவும் இல்லாமல் வருவதில்லை.

ஆவணக் காப்பகத்துக்கு முதன்முதலில் போனது இரண்டாவது பருவத்தில். பையை வெளியே வைக்கச் சொன்னார்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும். ஒரு நேரத்தில் ஒரு கட்டுதான். கட்டைப் பிரித்ததும் தாள்களின் வரிசையை மாற்றக் கூடாது, தப்பாக இருப்பதாகத் தோன்றினாலும் அப்படியே விட வேண்டும். படம் எடுக்க அனுமதி உண்டு என்றால் முதலில் கட்டின் எண் எழுதிய சீட்டைப் படம் எடுத்துவிட்டு அப்புறம்தான் தாள்கள். நான் அந்த ஒழுங்கை விட்டதால் நாற்பது படங்கள் எந்தக் கட்டிலிருந்து என்று தெரியாமல் இன்னொரு நாள் முழுக்கப் போனது. ஆனால் அன்று கையில் இருந்தது ஒரு கணக்குப் புத்தகம். ஒரு பக்கத்தில் கூட்டல் தப்பாகப் போய், எழுதியவர் அடித்துவிட்டு, ஓரத்தில் திரும்பக் கூட்டிப் பார்த்திருந்தார். மை வேறு நிறத்தில் இருந்தது. வேறொரு நாள் வந்து சரி செய்திருக்கிறார். பெயர் தெரியாத அந்தக் கணக்கர் தன் தவற்றுக்குத் திரும்பி வந்த இடத்தில் என் விரல் இருந்தது. மாறி வந்தது சரிதான் என்று முதல் தடவையாக அங்கேதான் தோன்றியது.

எல்லோரும் மாற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கிற இடத்தில் நல்ல ஆசிரியர் ஒருவரும், சான்றுகளைத் தொட வழியும் இருந்தால், கடைசி ஆண்டில் எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் போவதைவிட அங்கேயே முடித்துவிட்டு முதுகலைக்கு மாறுவது பல நேரம் நல்லது. பெரிய பெயருக்காக மட்டும் மாறினால் முதல் பருவத்தின் அடியைத் தாங்குவது கஷ்டம். எனக்குக் கேள்வி ஒன்று கையில் இருந்தது, அதனால் நின்றேன்.

போன வாரம் துறை வாசலில், இந்த வருடம் மாறி வந்திருக்கிற ஒருவர் கையில் கடிதத்தோடு நின்றிருந்தார். "எல்லாப் பாடமும் ஏத்துக்கிட்டாங்க" என்று சிரித்த முகத்தோடு காட்டினார். வாங்கி இரண்டாவது பக்கத்தைப் பார்த்தேன். ஏழில் நான்கு விருப்பப் பாடங்கள் பெட்டியில் இருந்தன. பழைய சிலபஸ் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது, எல்லாம் ஒரு கோப்பில். ஆய்வுமுறை வகுப்பில் இன்னும் இரண்டு இடம் காலி என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அதில் பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று அவரை உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே காத்திருந்தேன்.